சாம்பல் ஓவியத்தில் என்ன இருக்கிறது

பெரியப்பா: நீ அனுப்பிய ஓவியத்தைப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன்மா. சாம்பலில் சின்னச் சின்னக் கோடுகள், நடுவில் ஒரு மஞ்சள், கீழே நீளமாக நீலம். மழையா, கடலா, எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

அத்தை: எனக்குக் கம்பி வேலி மாதிரித் தெரிந்தது. என்னவென்று நீயே சொல்லிவிடேன்.

நான்: பொருள் எதையும் வரையவில்லை அத்தை. சின்ன வயதில் எனக்குப் பேச்சு திக்குமே, அதுதான். மேலே இடது ஓரத்தில் பாருங்கள், ஒரு கோடு தொடங்கி உடனே நின்றுவிடும், மறுபடி அதே இடத்தில் தொடங்கும், மறுபடி நிற்கும். யாராவது பெயர் கேட்டால் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்பேனே, அது.

அம்மா: இதை நீ என்னிடம்கூடச் சொல்லவில்லையே.

நான்: தொடங்கும்போது எனக்கே தெரியாதும்மா. சும்மா சாம்பல் மேல் சாம்பலாகப் பூசிக்கொண்டிருந்தேன், அக்ரிலிக் வண்ணம் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டே போகலாம். பிடிக்காமல் ஓரிடத்தைக் கத்தியால் சுரண்டினேன், அடியில் இருந்த பழைய கோடுகள் துண்டு துண்டாக வெளியே வந்தன. பார்த்ததும் இது என் பேச்சாயிற்றே என்று தோன்றியது. அப்புறம் செய்ததெல்லாம் தெரிந்தே செய்ததுதான்.

தம்பி: அப்போ அந்த மஞ்சள்?

நான்: அது நீதான்டா. வலப்பக்கத்திலிருந்து உள்ளே வரும். நான் திக்கும்போதெல்லாம் நீ முந்திக்கொண்டு என் வாக்கியத்தை முடித்துவைப்பாய். பல நாள் அது எனக்குப் பெரிய உதவி, சில நாள் கோபம் வரும், ஏனென்றால் நான் சொல்ல வந்தது வேறாக இருக்கும். அதனால்தான் மஞ்சளை என் கோட்டின் முனையோடு சேர்க்காமல் ஒரு விரலளவு தள்ளி நிறுத்தினேன்.

தம்பி: கோபம் வந்தது எனக்குத் தெரியாதுக்கா. எல்லார் முன்னாலும் நீ தவிப்பதைப் பார்க்க முடியாமல்தான் சொல்வேன்.

நான்: தெரியும்டா. அந்தப் படத்திலேயே வெளிச்சமான நிறம் அதுதான், பார்.

பெரியப்பா: நீலம் மட்டும் எங்கேயும் அறுபடவில்லையே?

நான்: அது பாட்டு. பேசும்போது திக்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பாடும்போது திக்காது, எனக்கும் அப்படித்தான். அந்தக் கோட்டைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டேன்.

பெரியப்பா: ஓவியர் எஸ்.எச். ரஸாவின் பிந்து, அதுதான் அந்தப் புள்ளி ஓவியங்கள், ஞாபகம் வருகிறது. பள்ளியில் கவனம் நிற்காத பையனாக இருந்தவரை, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னாராம். 1922இல் பிறந்தவர், 1950இல் பிரான்சுக்குப் போய்விட்டார், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அந்தப் புள்ளி பெரிய கறுப்பு வட்டமாக அவர் ஓவியங்களின் நடுவில் வந்து உட்கார்ந்தது. சின்ன வயதில் பட்டது எத்தனை வருடம் உள்ளே கிடக்கிறது பார்.

அத்தை: சரி, ஆனால் சொல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடு.

நான்: வேண்டாம் அத்தை. ஸ்வீடனில் ஹில்மா அஃப் கிளிண்ட் என்று ஒருவர், 1906இலேயே இப்படி உருவமில்லாத ஓவியங்களைத் தொடங்கியவர். நீலம் பெண், மஞ்சள் ஆண் என்று தனக்கென ஒரு கணக்கு வைத்துக்கொண்டு குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னொரு கதவு திறக்கும், தெரியாமல் பார்த்தாலும் அந்த நிறங்கள் ஆளை நிறுத்திவிடும். அட்டை வைத்தால் எல்லாரும் முதலில் அதைப் படிப்பார்கள், அப்புறம் படம் அதன்படி இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். உங்களுக்கு வேலி தெரிந்ததே, அடைபட்டு நிற்பதும் அதில் இருக்கிறதுதான். கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்கிறேன்.

அம்மா: நீயே சொல். அதுதான் நன்றாக இருக்கும்.

தம்பி: தலைப்பு வைத்துவிட்டாயா?

நான்: 'முதல் எழுத்து'.

பெரியப்பா: நல்ல தலைப்பு. மஞ்சளின் முனையை மட்டும் கிட்டப் போய் எடுத்து அனுப்பு, போனில் அந்த இடைவெளி தெரியவில்லை.

நான்: காலையில் அனுப்புகிறேன் பெரியப்பா, விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் வெளுத்துத் தெரிகிறது.