உறைந்த உருளைக்கிழங்குத் தொழில் நம் மலையில் ஏன் வேரூன்றவில்லை?

கேள்வி: கேத்தித் தோட்டக்காரர்

வணக்கம். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிட்டு வரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். ஊட்டிக் கடைகளில் விற்கும் உறைந்த பிரெஞ்ச் ஃபிரைஸ் பொட்டலங்களில் மெக்கெய்ன் என்னும் கனடா நாட்டு நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறேன். அந்தக் கிழங்கு விளைந்ததோ குஜராத்தில் என்கிறார்கள். நம் ஊர் உணவு விடுதிகளே கண்ணுக்கெதிரே விளையும் கிழங்கை விட்டுவிட்டு அந்தப் பொட்டலத்தை வாங்குவதைக் காணும்போது மனம் வருந்துகிறது. அந்த நிறுவனம் எவ்வாறு வளர்ந்தது, உருளைக்கிழங்குக்கே பெயர்போன நம் மலையில் அத்தகைய தொழில் ஏன் உருவாகவில்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: கோத்தகிரி வாசகர்

மெக்கெய்ன் நிறுவனம் தொடங்கிய விதத்திலேயே உங்கள் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் உள்ள ஃபிளாரன்ஸ்வில் என்னும் சிற்றூரில், ஹாரிசன், வாலஸ் என்னும் சகோதரர்கள் தம் அண்ணன்களான ஆண்ட்ரூ, ராபர்ட் ஆகியோரின் துணையுடன் 1957 இல் ஆலையைத் திறந்தார்கள். முதலாண்டில் சுமார் 30 பேர் வேலை செய்தார்கள்; விற்பனை ஒன்றரை லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு தொடங்கியவர்கள் அல்லர். குடும்பம் அதற்கு முன்பே விதைக்கிழங்கை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்ததால், எந்த நிலத்தில் எந்த ரகம் வரும், எந்த உழவர் சொன்ன நாளில் கிழங்கைக் கொண்டுவந்து சேர்ப்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உறைந்த ஃபிரைஸ் அவர்களுடைய கண்டுபிடிப்பும் அன்று. அமெரிக்காவின் ஐடஹோவில் ஜே. ஆர். சிம்ப்ளாட் இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்கு உலர்த்திய உருளைக்கிழங்கை அனுப்பி வளர்ந்தவர். அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ரே டன்லப் 1940களின் நடுவில் உறைந்த ஃபிரைஸை உருவாக்கினார். கடையிலேயே கிழங்கைத் தோலுரித்து வெட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் 1960களில் சிம்ப்ளாட்டின் உறைந்த துண்டுகளுக்கு மாறத் தொடங்கிய பிறகே இது பெருந்தொழிலாயிற்று. அதே காலத்தில் ஆரிகன் மாநிலத்து லாம்ப் வெஸ்டன் நிறுவனம், நீரின் வேகத்தால் கிழங்கைக் கத்திகளின் ஊடே செலுத்தி வெட்டும் முறையைக் கொண்டுவந்தது. அந்த ஒரு முறை இல்லாமல் இவ்வளவு பெரிய அளவில் ஒரே சீராக வெட்டியிருக்க முடியாது என்பது என் கருத்து.

மெக்கெய்ன் சகோதரர்களின் தனித்திறமை வேறிடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் முதலில் கனடாவிலிருந்து அனுப்பிய சரக்கையே விற்றார்கள். சந்தை உறுதிப்பட்ட பிறகுதான் 1960களின் இறுதியில் ஸ்கார்பரோவில் ஆலை கட்டினார்கள். இந்தியாவிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். இங்கே மெக்டொனால்ட்ஸ் 1996 இல் வந்தது. மெக்கெய்னின் இந்தியப் பிரிவு 1998 இல் அமைந்தது. குஜராத் உழவர்களுடன் பல பருவங்கள் ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்த பிறகு, 2007 வாக்கில் மெஹ்சானா ஆலை இயங்கத் தொடங்கியது. 1990களில் ஹாரிசனும் வாலஸும் வாரிசுரிமை குறித்துப் பிணங்கிப் பிரிந்தபோதும் நிறுவனம் தளரவில்லை. உழவரோடு ஏற்படுத்தியிருந்த கட்டமைப்பு அவ்வளவு உறுதியாக இருந்தது. நம் மலையில் குறைவது அந்தக் கட்டமைப்புதான். கிழங்கில் குறையில்லை.

மறுமொழி 2: முத்தோரைப் பக்கத்துக்காரர்

கோத்தகிரி நண்பர் வரலாற்றை நன்றாகச் சொன்னார். ஆனால் கிழங்கில் குறையில்லை என்ற இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஃபிரைஸுக்கான கிழங்கில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக எஞ்சும் பொருள், 20 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தண்ணீர் மிகுந்த கிழங்கு எண்ணெயை அதிகம் குடித்து, ஆறியதும் துவண்டுவிடும். சர்க்கரையோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொரிக்கும்போது துண்டு கருத்துக் கசக்கும். சமையலுக்கான கிழங்கை வைக்கும் 2 முதல் 4 டிகிரிக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடும் என்பதால், ஆலைக்குரிய கிழங்கை 10 முதல் 12 டிகிரியில், முளை கட்டாமல் தடுத்துப் பாதுகாக்கிறார்கள். அதற்குத் தனிக் கிடங்கு வேண்டும். வடிவமும் நீளமாக இருக்க வேண்டும். கனடாவில் 1980 இல் வெளியான ஷெப்பொடியையும், பிறகு சந்தானா போன்ற ரகங்களையும் குஜராத்தில் பயிரிட்டது இக்காரணங்களால்தான்.

அங்கே ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் தோண்டுகிறார்கள். மழையற்ற பருவம், மணற்பாங்கான நிலம், தேவைக்கேற்பப் பாய்ச்சும் நீர், பகல் வெயில், இரவுக் குளிர் என எல்லாம் கிழங்கில் உலர்பொருள் சேர உதவுகின்றன. நம் மலையின் மூன்று பயிர்ப் பருவங்களில் கார்போகம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. கடைபோகத்தின் முடிவை வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிறது. மூடுபனியும் ஈரமும் நீடித்தால் இலைக்கருகல் நோய் சில நாட்களிலேயே தோட்டத்தைச் சாய்த்துவிடும். நீர்போகம் ஒன்றுதான் ஓரளவு வறண்ட பருவத்தில் வருகிறது. ஆனால் அதற்குப் பாசனம் உள்ள பள்ளத்தாக்கு நிலம் வேண்டும்.

இவற்றோடு, உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நுண்ணிய முட்டைக்கூடு நூற்புழுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1961 இல் ஊட்டி விஜயநகரப் பகுதியில் கண்டறியப்பட்ட இப்புழுவின் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இப்புழு பிற மாநிலங்களுக்குப் பரவாதிருக்க, நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்ப 1971 இல் தடை வந்தது. ஒரு காலத்தில் விதைக்கிழங்கு விற்ற மலை அந்த வாய்ப்பை இழந்தது. மெக்கெய்ன் குடும்பத்துக்கு அடித்தளமாக அமைந்த தொழிலே இங்கே நின்றுபோனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இப்புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி ஆகிய ரகங்களில் உழைத்திருக்கிறது. ஆனால் அவை சமையலுக்கான கிழங்குகள். ஃபிரைஸுக்கென்றே வெளியான குஃப்ரி ஃபிரைசோனாவோ சமவெளிக்காக உருவாக்கப்பட்டது.

மறுமொழி 3: மேட்டுப்பாளையம் மண்டிக்காரர்

இருவரும் விலையை மறந்துவிட்டீர்கள். மேட்டுப்பாளையம் ஏலத்தில் ஊட்டிக் கிழங்கின் 45 கிலோ மூட்டை, சமவெளிக் கிழங்கைவிடக் கூடுதல் விலைக்கே போகும். கேரளத்து வியாபாரிகள் அதன் சுவைக்காகவே அந்த விலையைக் கொடுக்கிறார்கள். ஆலை நடத்துபவர் ஆண்டின் தொடக்கத்திலேயே விலையை நிர்ணயித்து, ஒரே அளவுள்ள கிழங்கைத் தொடர்ச்சியாகக் கேட்பார். பத்துச் சென்ட், இருபது சென்ட் படிமட்டங்களில் பயிரிடும் உழவர், மண்டியில் விலை ஏறிய நாளில் ஒப்பந்தக்காரருக்கு மூட்டையை அனுப்பத் தயங்குவார்; விலை விழுந்த நாளில் ஒப்பந்தக்காரர் தரத்தில் குறை காண்பார். ஒப்பந்தச் சாகுபடிக்கென்று தமிழ்நாடு 2019 இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது என்றாலும், இந்த இருபக்கத் தயக்கத்தைச் சட்டம் மட்டும் தீர்த்துவிடாது. தோண்டிய கிழங்கை மண்டிக்கு அனுப்பி உடனே பணம் பெறும் வழக்கத்தை விடச் சொல்வதற்கு முன், அதைவிட நிச்சயமான வருமானத்தைக் காட்ட வேண்டும்.

கேத்தித் தோட்டக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரிய ஆலையின் கனவை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் எங்கள் உறவினர் சிலர் ஊட்டியில் விடுதி நடத்துகிறார்கள். உறைய வைக்காமல், வெட்டி வெந்நீரில் வாட்டிய துண்டுகளை அன்றன்று அவர்களுக்குக் கொடுக்க முடியுமா? எங்கள் கிழங்கு அதற்கு ஏற்றதா என்பதை ஆய்வகம் இல்லாமல் எப்படிக் கண்டறிவது?

மறுமொழி 4: முத்தோரைப் பக்கத்துக்காரர்

முடியும், நீர்போகக் கிழங்கோடு தொடங்குங்கள். சோதிக்கும் முறையும் எளிது. கழுவித் துடைத்த 5 கிலோ கிழங்கை வலைப்பையில் இட்டு, தராசில் தொங்கவிட்டபடியே தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கும்படி எடை பாருங்கள். நனைந்த பையின் எடையைக் கழித்துவிடுங்கள். நீருக்குள் 370 கிராமோ அதற்கு மேலோ காட்டினால் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.080 ஐ எட்டுகிறது என்றும், உலர்பொருள் ஏறக்குறைய 20 விழுக்காடு என்றும் கொள்ளலாம். 300 கிராமுக்குக் கீழே போனால் அந்தக் கிழங்கை மண்டிக்கே அனுப்பிவிடுங்கள். தேறிய கிழங்கிலிருந்து பத்துத் துண்டுகளைப் பொரித்து நிறத்தைப் பாருங்கள். முனைகள் கருத்தால் சர்க்கரை மிகுதி என்று பொருள். அறுவடைக்கு முன் செடி நன்றாகக் காய்ந்து, தோல் தடித்த பிறகு தோண்டினால் இரண்டு குறைகளும் குறையும். கிழங்கு கழுவிய நீரையும் மண்ணையும் மட்டும் வேறு தோட்டத்துக்குப் போக விடாதீர்கள். நூற்புழுவின் கூடுகள் அவற்றோடுதான் பயணம் செய்யும்.