புதுப்பிப்பு: அலுவலகப் பயணத்தில் பால் வற்றாமல் இருக்க எது உதவியது

ஐந்து மாதக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஹைதராபாத் பயிற்சிக்குப் போக வேண்டும், பால் வற்றிவிடுமோ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பால் குறையவில்லை. மார்பில் தேங்கினால்தான் சுரப்பு குறையும், அதனால் குழந்தை குடிக்கும் நேரத்துக்கே எடு என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தேன், விடியற்காலை ஒரு தடவையையும் விடவில்லை, ஏனென்றால் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். திரும்பும்போது ரயிலில் பம்பின் சார்ஜ் தீர்ந்துவிட்டது. துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்து உள்நோக்கி அழுத்திக் கையாலேயே பீய்ச்சினேன், நன்றாகவே வந்தது. உறைந்த ஐஸ் பேக் வைத்த பெட்டியில் பால் 24 மணி நேரம் தாங்கும், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

எதிர்பாராத விஷயம், சேமித்த பாலில் சோப்பு வாடை. கெட்டுப்போகவில்லை, பாலிலுள்ள லைபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது. குழந்தை முகம் சுளிக்காமல் குடித்தாள். அப்புறம், புட்டிக்குப் பழகியவள் முதல் நாள் மார்பைப் பிடிக்க மறுத்து அழுதாள். நெஞ்சோடு அணைத்தபடியே படுத்திருந்தேன், மறுநாள் சரியாகிவிட்டது.