பொருள்: ‘பிக் மேன்’, ‘ஃப்ரீ ஏஜென்ட்’, ‘ஃபிட்’: வெள்ளிக்கிழமைக்குள் சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம்.

என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடர் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை ஆசிரியர் கைக்குப் போயாக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும் (அதாவது ‘ஃப்ரீ ஏஜென்ட்’ ஆன) ஒரு பிக் மேனை, வளையத்தடியில் ஆடும் பெரிய வீரரை, எடுக்கும் முன், அவர் தன் ஆட்டத்துக்கு ஒத்துவருவாரா (‘ஃபிட்’) என்று ஓர் அணி எப்படிக் கணிக்கிறது என்பதுதான் கட்டுரை. தலைப்பில் உள்ள மூன்று சொற்களும் பத்திக்குப் பத்தி வருகின்றன. ‘பெரிய மனிதர்’ என்று எழுதினால் ஊர்ப் பெரியவர் வந்து நிற்கிறார். ‘சுதந்திர முகவர்’ என்று எழுதினால் காப்பீடு விற்பவர் போல் இருக்கிறது. ‘ஃபிட்’ என்பதற்குத் ‘தகுதி’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்தால் பொருளே மாறிப்போகிறது.

ஏன் மாறுகிறது என்பதற்குக் கட்டுரையின் நடு எடுத்துக்காட்டையே தருகிறேன். அல் ஹார்ஃபர்ட் 2016-இல் அட்லான்டாவிலிருந்து பாஸ்டனுக்கு 4 ஆண்டு, 113 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். வெளியே நின்று பந்தைப் பகிர்ந்து கொடுக்கும் பிக் மேன் அந்த அணிக்குத் தேவைப்பட்டது, பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டார். 2019-இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். அங்கே ஜோயல் எம்பீட் ஏற்கெனவே வளையத்தடியில் இருக்கிறார். பென் சிமன்ஸ் தொலைவிலிருந்து எறிவதே அரிது. ஹார்ஃபர்ட் போய் நிற்க இடம் இல்லை. பிப்ரவரி 2020-இல் அவரை மாற்று வீரராக உட்கார வைத்தார்கள், அந்த ஆண்டு முடிவதற்குள் ஓக்லஹோமாவுக்கு மாற்றிவிட்டார்கள். 2021-இல் மறுபடி பாஸ்டன், 2024-இல் சாம்பியன். நடுவில் அவருடைய தகுதி குறையவில்லை. குறைந்தது வேறொன்று. அதற்குத்தான் சொல் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதல் சொல்லுக்கு ‘நெடுவர்’. நெடுமை என்ற பண்புப்பெயரில் ஈறு கெட்டு ‘அர்’ சேர்ந்தது. ‘நெடியோன்’ இன்னும் கம்பீரம்தான், ஆனால் அது திருமாலுக்கும் பாண்டியனுக்கும் போய்விட்ட பெயர். ‘நெட்டையர்’ காது கூசும். ‘நெடுவர்’ புதிது, சுருக்கம், பன்மைக்கு ‘நெடுவர்கள்’.

கூடைப்பந்துப் பயிற்சியாளர்:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. களத்துக்குத்தான் ஒத்துவராது. பிக் மேன் என்பது ஒரு வேலையின் பெயர். வளையத்தடியில் காவல், தவறிய பந்தை மீட்பது, தன் அணியில் பந்து வைத்திருப்பவருக்கு உடம்பால் மறைப்புப் போட்டுக் கொடுப்பது. பிப்ரவரி 2020-இல் ஹூஸ்டன் அணி வளையத்தடியில் ஆடும் தன் முதன்மைப் பெரிய வீரரான (சென்டர்) கிளின்ட் கபெலாவை விட்டுவிட்டு, 6 அடி 5 அங்குலம் உள்ள பி.ஜே. டக்கரை அந்த வேலையில் நிறுத்தியது. என்பிஏ-யில் அது சராசரிக்கும் கீழான உயரம். டக்கரை ‘நெடுவர்’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். 2015 இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் 7 அடி போகட்டை உட்கார வைத்துவிட்டு இகுவடாலாவை இறக்கியது. 6 அடி 6 அங்குல டிரேமண்ட் கிரீன் பிக் மேன் ஆனார்.

வேலையைச் சொல்லும் பெயராகப் பாருங்கள். ‘உள்வீரர்’ போதும் என்பது என் எண்ணம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி சொன்னது சரி, அளவைவிட்டு இடத்தைப் பிடிப்போம். ஆனால் ‘உள்வீரர்’ வெறும் மொழிபெயர்ப்பு. நம்மிடம் அணியமாகவே ஒன்று இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் மதில் முற்றுகைப் போரான உழிஞையின் துறைகளைச் சொல்லும்போது, மதிலை முற்றுகிறவன் புறத்தோன், மதிலுக்குள் இருந்து காப்பவன் அகத்தோன். வளையத்தை எயிலாக, மதிலாக எண்ணிப் பாருங்கள். எறிகிற அணி உழிஞை சூடியது, தடுக்கிற அணி மதில் காக்கும் நொச்சி. வளையத்தடியில் நிற்பவர் அகத்தோன், மரியாதைக்கு ‘அகத்தார்’. வெளியே வளைத்து நிற்கும் மற்றவர்கள் ‘புறத்தார்’.

இதோடு நிற்கவும் வேண்டாம். தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக வைக்காமல் உழிஞைக்குள்ளேயே அடக்குகிறார், பிற்காலத்தார்தான் பிரித்தார்கள். கூடைப்பந்தில் பந்து கைமாறிய நொடியிலேயே முற்றுகிறவன் காப்பவன் ஆகிவிடுகிறான். அப்படிப் பார்த்தால் தொல்காப்பியர் பகுப்புத்தான் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தும், பிரித்து வைத்த புறப்பொருள் வெண்பாமாலையின் வழி பொருந்தாது. யாராவது இதை விரித்து எழுதினால் நல்ல கட்டுரை ஆகும்.

அகராதித் தொகுப்பாளர்:

ஐயா, விரித்து எழுதுவதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம். ‘அகத்தார்’ என்றால் இன்றைக்கு வீட்டில் இருப்பவர் என்றுதான் படிப்பார்கள்.

பயிற்சியாளர்:

அகம், புறம் என்று பிரிப்பதிலேயே இன்னொரு சிக்கல், ஐயா. புரூக் லோபஸ் முதல் எட்டுப் பருவங்களில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தது மொத்தம் 31 முறை, விழுந்தது 3. ஒன்பதாவது பருவத்தில் மட்டும் 134 போட்டார். 2018-இல் மில்வாக்கி அவரை ஓராண்டுக்குச் சொற்ப விலைக்கு எடுத்தது. தாக்கும்போது 7 அடி மனிதர் கோட்டுக்கும் வெகு தூரம் வெளியே போய் நிற்பார். அவரைக் காப்பவர் பின்னாலேயே வந்தாக வேண்டும், நடுவே திறக்கும் வழியில் அந்த அணியின் நட்சத்திரம் யானிஸ் பாய்வார். தடுக்கும்போது லோபஸ் நேர் எதிராக வளையத்தடியை விட்டு நகரமாட்டார். அந்தப் பருவம் 60 வெற்றி, 2021-இல் கோப்பை. இவர் அகத்தாரா, புறத்தாரா?

இன்னொன்று, என்பிஏ-யில் 2001–02 பருவத்திலிருந்து ஒரு விதி உண்டு. காப்பவர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தின் முன்னுள்ள வண்ணப் பகுதிக்குள் 3 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க அகத்தோனுக்கு அங்கே அனுமதி இல்லை. பன்னாட்டு ஆட்டத்தில் இந்த விதி கிடையாது, அங்கே வேண்டுமானால் ஐயாவின் சொல் நிற்கும்.

மாணவர்:

சென்டர் என்றே எழுதினால் என்ன? ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். புதுச் சொல்லைப் படித்துவிட்டு அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேட வேண்டியிருந்தால் யாருக்கு லாபம்?

அகராதித் தொகுப்பாளர்:

சென்டர் ஓர் இடம் மட்டும், தம்பி. பிக் மேனில் சென்டருக்குப் பக்கத்தில் ஆடும் மற்றப் பெரிய வீரரான பவர் ஃபார்வர்டும் அடக்கம். ஃபிலடெல்ஃபியாவில் ஹார்ஃபர்டுக்கு வந்த சிக்கலே அதுதான். எம்பீட் சென்டர், இவரைப் பவர் ஃபார்வர்டாகத் தள்ளினார்கள். இரண்டையும் சென்டர் என்று எழுதினால் கட்டுரையின் வாதமே விழுந்துவிடும். ஆனாலும் உங்கள் கேள்வியை ஒதுக்கமாட்டேன். படிப்பவர் முதல் முறையிலேயே பிடித்துக்கொள்ளாத சொல் அகராதியில்தான் கிடக்கும். நான் தொகுத்த பட்டியல்களில் அப்படிக் கிடப்பவை ஏராளம், வருத்தமாகத்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்:

பிக் மேனைச் சற்றே நிறுத்திவைப்போமா? ஃப்ரீ ஏஜென்டுக்குச் ‘சுயேச்சை வீரர்’ என்று எழுதலாமா? தேர்தலால் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தமிழாசிரியர்:

‘சுய இச்சை’ வடமொழி. அதைச் ‘சுயேட்சை’ என்று டகரம் போட்டு எழுதுகிறவர்களோடு இன்னொரு சண்டை வேறு. தன்னுரிமை என்று நல்ல தமிழ் இருக்கிறது. அதைவிட அழகாக ஒன்று சொல்கிறேன். மொட்டு மலர்வதைச் சங்கப் புலவர்கள் தளையவிழ்தல் என்றார்கள். ஒப்பந்தத் தளை அவிழ்ந்தவர் ‘தளையவிழ் வீரர்’.

மாணவர்:

சுயேச்சை வேட்பாளர் என்றால் எந்தக் கட்சியிலும் சேராதவர். இவர் கட்சி தேடுகிறவர். பொருளே எதிராகப் போகவில்லையா?

பயிற்சியாளர்:

மாணவர் சரியாகப் பிடித்தார். எல்லா ஃப்ரீ ஏஜென்டும் முழுக்க அவிழ்ந்தவரும் இல்லை. 2022-இல் டிஆண்ட்ரே ஏட்டனுக்கு இண்டியானா 4 ஆண்டு, 133 மில்லியன் டாலர் கொடுக்க முன்வந்தது. அவரும் கையெழுத்துப் போட்டார். பழைய அணியான ஃபீனிக்ஸ் அதே தொகைக்கு ஈடு கொடுத்து அவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. விதிப்படி அதற்கு அந்த உரிமை இருந்தது. ஏட்டனும் பிக் மேன்தான், கட்டுரையில் அவர் வருவார். இரண்டு வகைக்கும் இரண்டு சொல் வேண்டும்.

அகராதித் தொகுப்பாளர்:

‘தன்னுரிமை வீரர்’, ‘ஈட்டுரிமைக்கு உட்பட்ட தன்னுரிமை வீரர்’. நீளம்தான், ஆனால் ஏட்டன் கதையைச் சொன்னதும் படிப்பவருக்கு விளங்கிவிடும். அப்புறம் அந்தப் பத்தி முழுவதும் ‘ஈட்டுரிமை வீரர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் இதை முடித்துவிடுவோம்.

தமிழாசிரியர்:

தளையவிழ் வீரரை இழப்பதில் வருத்தம். மறுப்பு இல்லை.

ஆனால் தளையை முழுக்க விடமாட்டேன். செய்யுளில் அடுத்தடுத்த சீர்கள் சேரும் முறைக்கும் தளை என்றுதான் பெயர், மூன்றாம் சொல்லுக்கு அதுதான் திறவுகோல். காய்ச்சீர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் நேரசை வந்தால் வெண்சீர் வெண்டளை, வெண்பாவில் குறையில்லாமல் ஓடும். நிரையசை வந்தால் கலித்தளை. வெண்பா தளை தட்டிவிடும். அதே காய், அதே நிரை, கலிப்பாவில் இயல்பாக நிற்கும். சீரிலும் குற்றமில்லை, பாவிலும் குற்றமில்லை; பக்கத்தில் என்ன வருகிறது என்பதில் இருக்கிறது எல்லாம். அம்மா சொன்ன ஹார்ஃபர்ட் கதை அச்சாக இதுதான். பாஸ்டனில் அவரை அடுத்து நேர் வந்தது, ஃபிலடெல்ஃபியாவில் நிரை வந்தது. ஆகவே ஃபிட் என்பது ‘தளையொப்பு’, ஒத்துவராதது ‘தளைதட்டு’.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, இதைப் படித்ததும் கட்டுரையே எனக்குத் தெளிவாகிவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவருக்குத் தளை என்றால் விலங்குதான். ‘எம்பீடுக்கும் ஹார்ஃபர்டுக்கும் தளையொப்பு இல்லை’ என்று எழுத எனக்குத் துணிவில்லை.

தமிழாசிரியர்:

அப்படியானால் ‘இயைபு’. இயை என்ற வேரைப் பாருங்கள். யகரம் சகரமாகத் திரிவது நமக்குப் பழக்கம்: வாயில், வாசல்; உயிர், உசிர்; உயரம், உசரம். இயைதல்தான் இசைதல். இசைவு என்றால் உடன்பாடு, இசை என்றால் பாட்டு. ஒப்பந்தத்துக்கு இசைவதும் ஆட்டத்தில் இசைவதும் ஒரே வேரில் வருகின்றன. இணை, இழை, இயல், இயக்கம் எல்லாமே இந்தக் குடும்பம் என்றுதான் நினைக்கிறேன். ‘இய’ என்ற அடியில் நகர்வும் சேர்க்கையும் ஒன்றாக இருக்கின்றன. ஓடிக்கொண்டே சேர்ந்திருக்க வேண்டிய ஆட்டத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அகராதித் தொகுப்பாளர்:

இயை, இசை வரை உங்களோடு வருகிறேன். இழையையும் இணையையும் சேர்ப்பதற்குச் சான்று வேண்டும். இயைபு என்றால் தமிழ் படித்தவர்களுக்கு அடிதோறும் இறுதி ஒன்றிவரும் தொடைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘பொருத்தம்’ ஏன் போதாது?

தமிழாசிரியர்:

பொருத்தம் என்றதும் சாதகக் கட்டு வந்துவிடுகிறது, அம்மா. முன்கூட்டியே எழுதிவைத்தது போல.

பயிற்சியாளர்:

எனக்கு அந்தச் சாயல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அணிகள் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். பத்துப் பொருத்தம் மாதிரி ஒன்றொன்றாகப் பார்க்கிறார்கள். மறைப்புப் போட்டபின் வளையத்தை நோக்கி ஓடுகிறாரா, வெளியே விலகி நின்று எறிகிறாரா? தடுக்கும்போது பின்வாங்கிக் காப்பவரா, சிறு வீரர்களைத் துரத்தி வெளியே வரக்கூடியவரா? பக்கத்தில் ஆடப்போகும் மற்ற பிக் மேன் யார்?

2024-இல் ஓக்லஹோமா இப்படித்தான் ஐசயா ஹார்ட்டன்ஸ்டைனைப் பார்த்தது. அவர்களிடம் ஒல்லியான, தொலைவிலிருந்து எறியக்கூடிய சேட் ஹோம்கிரன் இருந்தார். தவறிய பந்தை மீட்பதில் அணி பலவீனம். அந்த ஆண்டு டாலஸிடம் தோற்றபோது உள்ளே உடம்பு போதாதது எல்லாருக்கும் தெரிந்தது. ஹார்ட்டன்ஸ்டைன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிபவர் இல்லை, ஆனால் கனமான மறைப்புப் போடுவார், வண்ணப் பகுதியின் மேல்முனையிலிருந்து பந்தைப் பகிர்வார், இருந்த இடத்திலிருந்தே மென்மையாகத் தள்ளிப் போடுவார். 3 ஆண்டுக்கு 87 மில்லியன் டாலர். நிறையப் பேர் அதிகம் என்றார்கள். 68 வெற்றி, 2025 கோப்பை. இரண்டு பிக் மேன் என்றாலே நெரிசல் என்று ஃபிலடெல்ஃபியாவைப் பார்த்து முடிவு கட்டியிருந்தால் அவரை எடுத்திருக்கவே மாட்டார்கள். அங்கே பக்கத்தில் நின்றவர் ஹோம்கிரன், அதனால் நெரிசல் வரவில்லை. ஐயா சொன்ன நேர், நிரை கணக்கு இதற்கும் அப்படியே செல்லும்.

மாணவர்:

‘பாணிப் பொருத்தம்’ என்றால் எனக்கே புரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

நேரம் நெருங்கிவிட்டது. இப்படி அனுப்புகிறேன்: ஃப்ரீ ஏஜென்ட், ‘தன்னுரிமை வீரர்’. ஃபிட், ‘பாணிப் பொருத்தம்’. பத்தியின் ஓட்டத்தில் ‘ஒத்துவருதல்’, ‘இயைதல்’ இரண்டையும் வினையாகப் பயன்படுத்துகிறேன். பிக் மேனுக்கு இன்னும் ஒருமித்த சொல் இல்லை. இதுவரை ஆதரவு அதிகம் வந்தது ‘உள்வீரர்’ என்பதற்கு, அதுவும் வேறு வழியில்லாமல்தான் என்று தெரிகிறது. லோபஸ் வரும் இடத்தில் ‘வெளியே நின்று எறியும் உள்வீரர்’ என்று எழுதியிருக்கிறேன்.

அகராதித் தொகுப்பாளர்:

முரண்போல் தோன்றினாலும் லோபஸின் சிறப்பு அதில் விளங்குகிறது. இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ஹூஸ்டன் டக்கரை நிறுத்தியது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்துப் பெயர் சூட்டும் வழக்கம் நமக்கு இல்லை. நான் எழுதும் இடத்தில் ‘நெடுவர்’ என்றே எழுதுவேன். அம்மா, பட்டியலில் சேர்க்கும்போது இரண்டையும் போடுங்கள், ‘நெடுவர்’ முன்னால் வரட்டும்.

பயிற்சியாளர்:

அகரவரிசையில் ‘உள்வீரர்’தான் முன்னால் வரும், ஐயா. கட்டுரை வெளியானதும் இணைப்பு அனுப்புங்கள் அம்மா, என் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டி எந்தச் சொல்லில் தடுக்குகிறார்கள் என்று எழுதுகிறேன். அடுத்து ‘பிக் அண்ட் ரோல்’ (மறைப்புப் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடுவது) இருக்கிறது, அதற்கு இப்போதே யோசிக்கத் தொடங்கலாம்.