அமெரிக்காவுல பையனை ஸாக்கர் க்ளப்புல விட்டவங்க வாங்க, நேர்ல பாத்ததைச் சொல்லுங்க

எடிசன்_அப்பா:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இங்க நிறைய பேர் வீட்டுல பசங்க ட்ராவல் ஸாக்கர், அதான் ஊர் ஊராப் போய் ஆடற க்ளப் கால்பந்து, ஆடுறாங்க, சனி ஞாயிறுன்னா கார் டிக்கி முழுக்க மடக்கு சேரும் ஐஸ் பாக்ஸும்தான், எந்த கிரவுண்டுக்குப் போனாலும் பார்க்கிங் கிடைக்காது. 33 கோடிக்கு மேல ஜனம் இருக்குற நாடு, இவ்ளோ காசு, இவ்ளோ புல்தரை, ஆனா ஆம்பளைங்க ஆட்டத்துல உலகத்துலயே டாப் 10னு எல்லாரும் ஒத்துக்கற மாதிரி ஒருத்தன் இன்னும் வரல. பொண்ணுங்க டீம் 1991, 1999, 2015, 2019னு நாலு தடவை வேர்ல்ட் கப் தூக்கிட்டாங்க. ஆம்பளைங்க 2002ல க்வார்ட்டர் ஃபைனல் வரைக்கும் போனாங்க, 2017 அக்டோபர்ல ட்ரினிடாட்ல போய் 2-1ல தோத்து 2018 வேர்ல்ட் கப்புக்கே போக முடியல, 2024ல கோபா அமெரிக்கா சொந்த மண்ணுல நடந்தும் பனாமாகிட்ட தோத்து க்ரூப்போட வெளிய வந்தாங்க.

ஆபீஸ்ல கேட்டா ஒரே பதில்தான், நல்ல அத்லீட் எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் (என்எஃப்எல்), பாஸ்கெட்பால்னு போயிடறான்னு. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. மெஸ்ஸி 170 செ.மீ., மோட்ரிச் 172 செ.மீ., இவங்களை எந்த பாஸ்கெட்பால் கோச் கூப்பிட்டிருப்பான்?

நான் பாத்ததைச் சொல்றேன். எங்க ஏரியா ஸ்கூல் பின்னாடி சிமெண்ட் கோர்ட்ல சாயங்காலம் ஒரு பையன் தன்னை விடப் பெரிய பசங்களோட ஆடிட்டு இருப்பான், அப்பா ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல வேலை, ஈக்வடார்ல இருந்து வந்த குடும்பம். பந்து கால்லயே இருக்கும், தலை நிமிந்தே இருக்கும், யாரு எங்க நிக்கறாங்கன்னு பந்து வர்றதுக்கு முன்னாடியே பாத்துருவான், இதை எங்க க்ளப்புல மாசாமாசம் காசு வாங்கிட்டு சொல்லிக்குடுக்கறாங்க, இவனுக்கு யாரும் சொல்லியே குடுக்கல. எங்க கோச்கிட்ட சொன்னேன், அவரும் வந்து பாத்துட்டு உடனே வரச் சொன்னாரு. வருஷ ஃபீஸ், யூனிஃபார்ம், டோர்னமென்ட், ஹோட்டல்னு சேத்தா 3000 டாலரைத் தாண்டும், சரி ஸ்காலர்ஷிப் போட்டுக் குறைச்சுத் தர்றோம்னாங்க. அப்பவும் பையன் வரல. ஏன்னா ப்ராக்டீஸ் வார நாள்ல சாயங்காலம் அஞ்சரைக்கு, வேற டவுன்ல. அந்த நேரத்துல அவங்க அப்பா கிச்சன்ல நிக்கறாரு, அம்மாவுக்கு கார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸும் கிடையாது. எல்லாரும் ஃபீஸைத்தான் பேசறாங்க. கார் யாரு ஓட்டுவா, எந்த அப்பனுக்கு சாயங்காலம் நாலரைக்கு வேலைய விட்டு வர முடியும்ங்கறதுலதான் இங்க பாதி பேர் வடிகட்டப்படுறாங்க.

நான் இருக்குற இதே நியூஜெர்சில கியர்னின்னு ஒரு ஊர் இருக்கு. ஸ்காட்லாந்து, அயர்லாந்துல இருந்து நூல் மில் வேலைக்கு வந்தவங்க குடியேறின ஊர். டேப் ரமோஸ், ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா மூணு பேரும் அந்தப் பக்கத்துப் பசங்க, 1990, 1994 ரெண்டு வேர்ல்ட் கப்புலயும் ஆடினவங்க. 40 வருஷம் கழிச்சு வேர்ல்ட் கப் போன டீமுக்கு ஒரே வட்டாரத்துல இருந்து மூணு பேர்! கோர்ட்ல மணிக்கணக்கா ஆடி வளந்தவங்க, தெருவுக்குத் தெரு பந்து தெரிஞ்ச பெரியவங்க இருந்தாங்க. நடந்தே போய் ஆடலாம். அது போயிடுச்சு.

நீங்க பாத்ததையும் எழுதுங்க.

ப்ளேனோ_கோவைக்காரன்:
அண்ணா நீங்க சொன்ன கார் விஷயம் நூத்துக்கு நூறு உண்மைங்க. டெக்சாஸ்ல க்ளின்ட் டெம்ப்சி கதை எல்லாருக்கும் தெரியும், நேஷனல் டீமுக்கு 57 கோல், லாண்டன் டோனவனும் இவரும்தான் அதுல சமமா முதல் இடம். ஆளு நாகடோச்சஸ்ங்கற சின்ன ஊர்ல பாட்டி வீட்டுக்குப் பின்னாடி ட்ரெய்லர்ல வளந்தவரு, மெக்சிக்கன் பசங்களோட மண்ணுல ஆடினவரு. டல்லாஸ் க்ளப்புக்கு அப்பா அம்மா ஒரு வழிக்கே மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக் கூட்டிட்டுப் போவாங்க. அக்கா டென்னிஸ் ஆடினாங்க, ரெண்டுக்கும் காசு கட்டலைன்னு ஒரு கட்டத்துல இவரு நிறுத்திட்டாரு, அப்புறம் டீம்ல மத்த பசங்களோட பேரன்ட்ஸ் செலவுக்கும் பயணத்துக்கும் உதவினதாலதான் திரும்ப வந்தாரு. அந்த நாலு பேர் நல்லவங்களா இல்லாம இருந்திருந்தா அமெரிக்காவுக்கு அந்த 57 கோலும் இல்லைங்க. யோசிச்சுப் பாருங்க, அவர மாதிரி எத்தன பேர் நடு வழிலயே நின்னிருப்பாங்க.

நான் பாத்தது வேற ஒண்ணு. எங்க பையன் நவம்பர்ல பொறந்தவன், இங்க பல வருஷமா ஜனவரி டு டிசம்பர்தான் வயசுக் கணக்கு, அதனால டீம்லயே சின்ன உருவம் இவன்தான். ட்ரையவுட்ல, அதாவது டீமுக்கு ஆள் எடுக்கறப்ப, கோச் முதல்ல பாக்கறது உயரம், வேகம். பத்து வயசுல பெரிய பையன் முன்னாடி நின்னான்னா பின்னாடி இருந்து ஓங்கி ஒரு உதை, அவன் ஓடிப் பிடிச்சு கோல், முடிஞ்சுதுங்க ஆட்டம். நடுவுல இருக்குற பசங்க பந்தையே தொட மாட்டாங்க. நான் கோச்கிட்ட தனியா கேட்டேன், ஏன் சார் கீழ இருந்து பாஸ் பண்ணி ஆட விட மாட்டீங்கன்னு. மனுஷன் ஒளிக்காமச் சொன்னாரு, அப்படி ஆட விட்டா முதல் சீசன்ல நிறைய தோப்போம், தோத்தா ரேங்கிங் இறங்கும், இறங்கினா நாலு குடும்பம் பக்கத்து க்ளப்புக்குப் போயிரும், அந்த ஃபீஸ் போனா என் சம்பளம் போகும்னு. அவரு மேல எனக்குக் கோவமே வரலைங்க. காசு கட்றது நாம, நமக்குப் புடிச்ச மாதிரி ஜெயிச்சுக் காட்டறாரு. பையன் 20 வயசுல எப்படி ஆடுவான்னு பாத்து சம்பளம் வாங்கற ஆள் அந்த கிரவுண்டுல ஒருத்தர்கூட இல்ல.

2026-27 சீசன்ல இருந்து வயசுக் கணக்கு ஆகஸ்ட்டுல ஆரம்பிக்குது. எங்க பையனுக்கு நல்லது, ஆனா இனிமே ஜூலைல பொறந்தவன் சின்னப் பையன் ஆயிருவான், அவ்ளோதான். தேதியை மாத்தறதவிட சின்னப் பையனையும் பொறுத்திருந்து பாக்கற கோச் வேணும்.

சாண்டியாகோ_மீனா:
நான் டீம் மேனேஜர் வேலை பாத்திருக்கேன், அதாவது ஸ்னாக்ஸ் லிஸ்ட்ல இருந்து ஹோட்டல் புக்கிங் வரைக்கும் எல்லாம் என் தலையில. எங்க டீம்ல எல்லாரும் டாக்டர், இன்ஜினியர் வீட்டுப் பசங்க, நல்ல பசங்கதான், ஆனா கோச் சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாங்க. ப்ராக்டீஸ் இல்லாத நாள்ல பந்தைத் தொட மாட்டாங்க, ஏன்னா வாரம் ஃபுல்லா பியானோ, ராபாட்டிக்ஸ், மேத்ஸ்னு ஷெட்யூல்.

அதே ஊர்ல ஞாயித்துக்கிழமை தெற்குப் பக்கம் போனா மெக்சிக்கன் குடும்பங்களோட சண்டே லீக் நடக்கும். மாமா, சித்தப்பா, பத்து வயசுப் பசங்க எல்லாம் ஒரே பார்க்ல, ஓரமா டாக்கோ வண்டி, ஆட்டம் முடிஞ்சும் பசங்க ஓயாம உதைச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்த லீக்ல நிறைய ஃபெடரேஷன்ல பதிவே இல்லாதது, அதனால அங்க ஆடற பையனை அமெரிக்க ஸ்கவுட் (திறமையைத் தேடி வர்ற ஆள்) பாக்கறது அபூர்வம். ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவுல இருக்குற டிஹுவானா க்ளப் ஷோலோஸ் பாத்துச்சு! எல்லையில இருந்து 50 கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா 18 வயசுக்கு முன்னாடியே பக்கத்து நாட்டு க்ளப்புல சேரலாம்னு ஃபிஃபா விதி இருக்கு, எங்க ஊர்ப் பக்கத்து சூலா விஸ்டாவுல பொறந்த பால் அரியோலா அப்படித்தான் எல்லை தாண்டிப் போய் ஆடி அமெரிக்க டீமுக்கு வந்தாரு. கலிஃபோர்னியாவுலயே பொறந்த ஜொனதன் கொன்சாலஸ் மெக்சிகோ க்ளப் மான்டெர்ரேல ஆடி 2018ல மெக்சிகோ டீம்தான் வேணும்னு போயிட்டாரு. அப்ப இங்க எல்லாரும் கத்தினாங்க. அந்தப் பையனை சின்ன வயசுல தேடி வந்து வளத்தது யாருன்னு கேக்கணும் இல்ல?

டோட்முண்ட்_அயலவர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஜேர்மனியிலை, டோட்முண்டுக்குக் கிட்ட இருக்கிறன். நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்குப் பெரிய ஆச்சரியமாக் கிடக்கு. என்ரை பெடியன் எங்கட ஊர்க் கழகத்திலைதான் உதைபந்து விளையாடுறான், வருசத்துக்கே நூறு, நூற்றைம்பது யூரோதான் வரும், சைக்கிளிலை தானே போய் வருவான். எங்களுக்கு ஏத்திப் பறிக்கிற வேலை இல்லை. சின்ன வயசிலை கோச் எண்டு நிக்கிறது ஆரோ ஒரு பிள்ளையின்ர தகப்பன்தான். நல்லா விளையாடுறான் எண்டு கண்டால் ஃபெடரேஷன்ர பயிற்சி மையத்துக்குக் கூப்பிடுவினம், கிழமையிலை ஒருக்கா, காசு இல்லை. 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்திலை (யூரோ) ஜேர்மனி குறூப்பிலை கடைசியா வந்து வெட்கப்பட்ட பிறகுதான் இதை நாடு முழுக்க விரிச்சவை, இப்ப 350க்கு மேலை மையங்கள் இருக்குது. எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒண்டு எட்டின தூரத்திலை இருக்கவேணும் எண்டதுதான் திட்டம். 2014இலை உலகக் கிண்ணம் வந்தது.

உங்கட அணியையே பாருங்கோ. வெஸ்டன் மக்கெனியின்ர தகப்பன் அமெரிக்க விமானப்படை, அவன் முதல் முதல் கழகத்திலை சேந்து விளையாடினது இஞ்சை ஒட்டர்பாக் எண்ட சின்ன இடத்திலை. செர்ஜினோ டெஸ்ட் நெதர்லாந்திலை பிறந்து வளந்தவன், அன்ரனி ரொபின்சன் இங்கிலாந்து, மூசா இத்தாலியிலையும் லண்டனிலையும் வளந்தவன். 2022 உலகக் கிண்ணத்துக்குக் கத்தார் போன அணியிலை இவ்வளவு பேர் வெளியிலை படிச்ச ஆக்கள். புலிசிச் பென்சில்வேனியாப் பெடியன்தான், ஆனால் தாத்தாவாலை குரோஷியா பாஸ்போர்ட் கிடைச்சதாலைதான் 16 வயசிலையே எங்கட டோட்முண்டிலை விளையாடத் தொடங்கினவன், இல்லாட்டி 18 வயசு வரைக்கும் காத்திருக்கவேணும். அந்த ரெண்டு வருசம் எண்டது ஒரு விளையாட்டுக்காரனுக்குச் சின்ன விசயம் இல்லை.

இன்னுமொண்டு. இஞ்சை சின்னக் கழகம் ஏன் ஏழைப் பிள்ளையை விடாது எண்டால், அந்தப் பிள்ளை நாளைக்கு வெளிநாட்டுக் கழகத்துக்கு விலைப்பட்டால் அந்தக் காசிலை 5 வீதம் 12 வயசிலை இருந்து 23 வயசு வரைக்கும் வளத்த கழகங்களுக்குப் பிரிஞ்சு போகவேணும். ஃபிஃபா விதி அது. புலிசிச் இங்கிலாந்துக் கழகம் செல்சீக்கு 64 மில்லியன் யூரோவுக்குப் போனவன், அப்ப கணக்குப் பாருங்கோ. ஒரு பிள்ளை போதும், ஊர்க் கழகத்துக்குப் புது மைதானமே போடலாம்.

எடிசன்_அப்பா:
அண்ணே, நீங்க சொன்ன அந்த 5 சதவீதம்தான் இங்க பெரிய வழக்கே. டிஆண்ட்ரே யெட்லின்னு சியாட்டில் பையன், 2014ல இங்கிலாந்து க்ளப் டாட்டன்ஹாமுக்கு வித்தாங்க, சின்ன வயசுல வளத்த க்ராஸ்ஃபயர்ங்கற க்ளப் தன் பங்கைக் கேட்டுச்சு. இங்க அதெல்லாம் குடுக்கற வழக்கம் இல்லன்னுட்டாங்க, சண்டை வருஷக்கணக்கா இழுத்துச்சு. 2019லதான் எம்எல்எஸ், அதாவது இங்க இருக்குற பெரிய ஸாக்கர் லீக், அதோட க்ளப்புகளே தங்களுக்கு அந்தக் காசு வேணும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் ஒரு க்ளப்புக்கு வருமானம்னா அப்பா அம்மா எழுதற செக்தான். ஈக்வடார் பையன் வந்தா செலவு, டாக்டர் பையன் வந்தா வரவு. இந்தக் கணக்கு மாறாத வரைக்கும் என்ன ட்ரெய்னிங் முறை கொண்டு வந்தாலும் வேலைக்கு ஆகாதுன்னு நான் நினைக்கறேன். ஜெயிச்சா மேல் லீக்குக்கு ஏறறது, தோத்தா கீழ் லீக்குக்கு இறங்கறதுன்னு எதுவும் எம்எல்எஸ்ல கிடையாது, சாண்டியாகோ டீம் உள்ள வர்றதுக்கே 500 மில்லியன் டாலர் கட்டினாங்க. ஜெர்மனில உங்க ஊர் சின்னக் கழகம் ஒவ்வொரு படியா ஏறணும்னு கனவாவது காணலாம், இங்க அதுக்கும் வழி இல்ல.

காலேஜ்_கோச்_தம்பி:
நான் ஒஹாயோல சின்ன காலேஜ் டீம்ல ஆடிட்டு இப்ப அசிஸ்டன்ட் கோச்சா இருக்கேன், அந்தப் பக்கத்தை நான் சொல்றேன் ப்ரோ. க்ளப்புங்க பேரன்ட்ஸ்கிட்ட விக்கறது ஸாக்கர் இல்ல, காலேஜ் சீட். ஷோகேஸ் டோர்னமென்ட்னு வெச்சு ஓரமா எங்களை மாதிரி கோச்சுங்களை சேர் போட்டு உக்கார வைப்பாங்க. நானே உக்காந்திருக்கேன், ஒரே நாள்ல வரிசையா மேட்ச், ஒவ்வொரு பையனுக்கும் சில நிமிஷம்தான், அதுல கண்ல படறது ஓடறவனும் மோதறவனும்தான், அமைதியா ஆட்டத்தைக் கட்டற பையன் தெரியவே மாட்டான். மனசு கஷ்டமா இருக்கும்.

சரி காலேஜ் வந்தாச்சு, அப்புறம்? சீசன் ஆகஸ்ட் கடைசில ஆரம்பிச்சு டிசம்பருக்குள்ள முடிஞ்சிடும், வாரத்துக்கு ரெண்டு மேட்ச், உடம்பு தேறவே டைம் இல்ல, சப்ஸ்டிட்யூட் வேற மாத்தி மாத்தி விடலாம்ங்கறதால எல்லாரும் மூச்சு முட்ட ஓடிட்டு வெளிய வந்து திரும்ப உள்ள போறாங்க, 90 நிமிஷம் ஆட்டத்தை நிதானமா நடத்தற புத்தியே வளராது. மீதி மாசமெல்லாம் ஜிம்மும் படிப்பும். பெட்ரி 18 வயசுல ஸ்பெயினுக்காக யூரோ செமி ஃபைனல் ஆடினான். அந்த வயசுல எங்க பசங்க ஃப்ரெஷ்மேனா (காலேஜ் முதல் வருஷம்) பெஞ்ச்ல உக்காந்திருக்காங்க. படிப்பு வேண்டாம்னு நான் சொல்லல, எனக்கே அதுதான் சோறு போடுது, ஆனா உலகத் தரம் வேணும்னா 17ல இருந்து 21 வரைக்கும் பெரியவங்களோட வாராவாரம் மோதி ஆடணும், காலேஜ் அதைத் தர முடியாது.

ப்ளேனோ_கோவைக்காரன்:
எம்எல்எஸ் அகாடமில இப்ப ஃபீஸ் இல்லைங்களே, அதையும் சொல்லணும். எஃப்சி டல்லாஸ்தான் எல் பாசோ பையன் ரிக்கார்டோ பெப்பியை எடுத்து வளத்துச்சு, மக்கெனியும் அங்க இருந்துதான் ஜெர்மனி க்ளப் ஷால்கேக்குப் போனாரு. ஃபிலடெல்ஃபியா யூனியன் க்ளப்புல ஸ்கூலும் சேத்தே நடத்தறாங்க, கேவன் சல்லிவன் 14 வயசுல எம்எல்எஸ் மேட்ச் ஆடிட்டான். ஆனா இத்தனை பெரிய நாட்டுக்கு 30 க்ளப்தான், அதுலயும் மூணு கனடாவுல. நாகடோச்சஸ் பையனுக்கு இன்னைக்கும் அதே மூணு மணி நேர ரோடுதானுங்க.

சாண்டியாகோ_மீனா:
இங்க எங்க ஊர் புது டீமோட ரைட் டு ட்ரீம் அகாடமி வந்திருக்கு, கானாவுல ஆரம்பிச்சவங்க. தங்கற இடம், ஸ்கூல், சாப்பாடு, ட்ரெய்னிங் எல்லாம் ஃப்ரீ, பசங்களை அங்கேயே தங்க வெச்சுக்கறாங்க, அதனால கார் ஓட்ட ஆள் வேணும்ங்கற பேச்சே இல்ல. என் பையன் ஸ்கூல்ல ஒரு பையனோட அப்பா ட்ரக் ஓட்டறவரு, அவங்க ட்ரையலுக்குப் போகலாமான்னு என்கிட்ட ஃபார்ம் ஃபில் பண்ணக் குடுத்திருக்காங்க. அம்மாதான் தயங்கறாங்க, சின்னப் பையனை எப்படிப் பிரிஞ்சு இருக்கறதுன்னு. நான் ஒண்ணும் வற்புறுத்தல, ஆனா ஃபார்மை ஃபில் பண்ணி வெச்சுட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி. இது மாதிரி விட்ட குடும்பம் யாராவது இங்க இருந்தா எனக்கு எழுதுங்க, அந்தம்மா நேரடியா பேசணும்னு கேக்கறாங்க, ஸ்பானிஷ் தெரிஞ்சவங்களா இருந்தா இன்னும் நல்லது.