அல்சூரில் ஒரு திரையிடல்: தமிழில் பேசக்கூடிய மனநல நிபுணர் தேவை

அனைவருக்கும் வணக்கம். ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்க விண்வெளிப் புனைகதைத் தொடரில் 1990 அக்டோபரில் ஒளிபரப்பான ‘ஃபேமிலி’ அத்தியாயத்தை, பெங்களூரு அல்சூரிலுள்ள எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்கள் அடுத்த மாதம் ஒன்றாகப் பார்த்து உரையாட எண்ணியுள்ளோம்.

போர்க் எனப்படும் பாதி இயந்திரமான வேற்றுக்கிரக இனத்தவரிடம் சிக்கி, தம் அறிவையே அவர்கள் ஆயுதமாக்கிக்கொண்டதால் சொந்தப் படையின் 39 கப்பல்கள் அழியக் கருவியாக்கப்பட்ட கேப்டன் பிக்கார்ட், மீட்கப்பட்ட பின் பிரான்சில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கிறார். இருவரும் சேற்றில் கட்டிப்புரண்டு வாய்விட்டுச் சிரிக்க, அந்தச் சிரிப்பு அப்படியே தம்பியின் அழுகையாக மாறுகிறது. அண்ணனோ சமாதானம் ஏதும் சொல்லாமல், இது நெடுங்காலம் உன்னோடு இருக்கும் என்கிறார். (விண்வெளிச் சண்டையே இல்லாததால் பிள்ளைகள் நெளியக்கூடும்.)

இந்திய ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்களும் வருவார்கள் என்பதால், பழைய நினைவுகள் கிளறப்பட்டால் பக்குவமாகக் கையாளவும், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநிலை குறித்து அரை மணி நேரம் எளிய தமிழில் பேசவும் வல்ல உளவியலாளர் எவரையேனும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் பயின்றவராயின் மிகவும் நல்லது. கடத்தல் நிகழும் முந்தைய இரண்டு பாகங்களையும் காட்டுவது அவசியமா, கதைச்சுருக்கம் போதுமா என்பதையும், தொடரைப் பார்த்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.