ரிமோட்டில் 24, கட்டிலருகே 27: ஏசி ஏன் வேளைக்கே அடங்குகிறது?

வெள்ளவத்தைவாசி:
தொடர்மாடிப் படுக்கையறை, 12,000 பிரியு (BTU) இன்வேர்ட்டர் ஏசி. 24 வைத்தால் பத்து நிமிடத்தில் கொம்பிரசர் அடங்கிவிடும். கட்டிலருகே தெர்மோமீற்றர் 27 காட்டுகிறது, உள் யூனிற்றின் முகப்பிலோ 24 என்றே எரிகிறது. 19க்கு இறக்கினால்தான் அறை குளிர்கிறது. போன கிழமை சேர்விஸ் செய்த பிறகுதான் இப்படி. காஸ் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பத்தான் வேணுமா அண்ணாமார்?

கம்பிக்காரன்:
காசைக் கொட்டாதீர்கள் தம்பி. காஸ் குறைந்தால் கொம்பிரசர் ஓயாமல் ஓடும், அறை குளிராது. உங்களுடையது வேளைக்கே ஓய்கிறது, 19இல் நன்றாகக் குளிர்கிறது. அறை குளிர்ந்துவிட்டதென்று அது பிழையாக விளங்கிக்கொள்கிறது.

முகப்பில் எரிகிற 24 நீங்கள் கேட்ட அளவு. அறை உண்மையில் எத்தனை என்பதை அது சொல்லாது. கிறீ (Gree) நிறுவன ரிமோட் என்றால், வீட்டுக்குள் தெர்மோமீற்றர் உள்ள சின்னம் வரும்வரை டெம்ப் பொத்தானை அழுத்துங்கள். யூனிற்றுக்குள் அறை வெப்பத்தை அளக்கும் சென்சர் படிக்கும் அளவு சில விநாடிகள் முகப்பில் தெரியும். அதே நேரம் உங்கள் தெர்மோமீற்றரை யூனிற்றின் மேல்புறம், காற்று உள்ளே போகிற இடத்தில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அங்கேயும் 24 என்றால் திரைச்சீலையோ சீலிங்கோ குளிர்காற்றைத் திருப்பி விடுகிறது. 27 என்றால் சென்சர்தான்.

ஓம்மீற்றர்:
சேர்விசுக்குப் பிறகு என்றபடியால் நான் முதலில் சென்சரைப் பிடித்திருக்கும் கிளிப்பைத்தான் பார்ப்பேன். பிரேக்கரை ஓஃப் பண்ணி, பில்டரைக் கழற்றுங்கள். கொயிலுக்கு முன்னால், மெல்லிய இரட்டை வயரின் நுனியில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு தலை இருக்கும். அதுதான் காற்றுச் சென்சர். கழுவும்போது கிளிப்பிலிருந்து நழுவி கொயிலின் அலுமினியத் தகட்டில் சாய்ந்தால், அறைக்காற்றோடு தகட்டின் குளிரையும் சேர்த்துப் படிக்கும். செப்புக் குழாய்க்குள் செருகியிருப்பது வேறு சென்சர், அதைத் தொடவேண்டாம்.

கிளிப் சரியாக இருந்தால், யூனிற்றின் சர்க்கிட் போர்டில் சென்சரின் பிளக்கைக் கழற்றி, அதன் மின்தடையை மல்ரிமீற்றரால் அளக்க வேண்டும். போர்டில் 230 வோல்ட் வருகிறது, பழக்கமில்லாதவர் திறக்கக்கூடாது. பல மொடல்களில் 25 பாகையில் 10 கிலோஓம், 30இல் ஏறத்தாழ 8. உங்கள் மொடலின் அட்டவணையையும் பாருங்கள், 5, 15, 20 கிலோஓம் வகைகளும் உண்டு. அட்டவணையை விடக் கூடுதலாகக் காட்டினால் சென்சர் குளிரென்று பொய் சொல்கிறது. கடற்கரைப் பக்கம் பிளக் முனைகளில் பச்சை பிடித்தாலும் இப்படியாகலாம், அதையும் பாருங்கள்.

கம்பிக்காரன்:
அதுவரைக்கும், ரிமோட்டில் ஃபொலோ மீ அல்லது ஐ ஃபீல் இருந்தால் போடுங்கள். ரிமோட்டுக்குள் இருக்கிற சென்சரின் அளவையே யூனிற் எடுத்துக்கொள்ளும். ரிமோட் யூனிற்றைப் பார்த்தபடி இருக்கவேண்டும். தலையணைக்கு அடியில் போனால் சிக்னல் நின்றுவிடும், பழையபடி யூனிற்றின் சென்சருக்கே திரும்பிவிடும்.

வெள்ளவத்தைவாசி:
தலை தகட்டில்தான் சாய்ந்து கிடந்தது, கிளிப்பின் ஒரு பல் உடைந்திருக்கிறது. மெல்லிய கம்பியால் கட்டலாமா?

ஓம்மீற்றர்:
கம்பி வேண்டாம், தகட்டின் குளிரை அதுவே கடத்தும். சிறிய பிளாஸ்டிக் கேபிள் டையால், தகட்டிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது விலக்கிக் கட்டுங்கள். பில்டரைத் திரும்பப் போடும்போது தலை பின்னுக்குத் தள்ளுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.