ராடை விட்டதும் குட்டிக்கரணம் அடிக்கும் விண்கலம்: இறக்கையை மாற்றாமல் பறக்க வைக்க வழி உண்டா?

பருந்துக்கலம் | சனி, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே. ஒஹாயோவில் இருக்கிறேன். மூன்று வருடமாக எஸ்டஸ் நிறுவனத்தின் மாதிரி ராக்கெட் கிட்டுகளை வாங்கி ஒட்டிப் பறக்கவிட்டு வருகிறேன். இந்த முறைதான் கிட் எதுவும் இல்லாமல், நானே வரைந்த ஒரு மாதிரி விண்கலத்தை அட்டைக்குழாயில் தொடங்கி முழுவதும் நானே கட்டினேன். இரண்டு மாத வேலை. இன்று காலை முதல் பறப்பிலேயே இடது பக்க எஞ்சின் கூடு உடைந்துவிட்டது.

கலத்தின் நீளம் 56 செ.மீ. நடு உடல் பி.டி.-60 என்ற அளவு அட்டைக்குழாய், விட்டம் 41.6 மி.மீ. இறக்கையை முன்னால் வீசிய ஒரு பருந்தின் தோற்றம்தான் என் மனதில் இருந்தது. அதனால் இறக்கைகள் இரண்டும் உடலின் நடுவிலிருந்து கிளம்பி முன்பக்கமாகச் சாய்ந்து போகும். நுனியில் ஆளுக்கொரு எஞ்சின் கூடு, பி.டி.-50 குழாயில் செய்தது. வாலில் மேலே ஒன்று, கீழே ஒன்று எனச் செங்குத்தாக இரண்டு ஃபின்கள் (கலத்தை நேராக வைக்கும் தகடுகள்). பக்கவாட்டில் வால் இறக்கை கிடையாது. இறக்கை பால்சா மரம், மேலே தாள் ஒட்டியது. மோட்டார் இல்லாமல் எடை 168 கிராம்.

வாலில் சி6-5 மோட்டார் போட்டேன் (எழுத்து மோட்டாரின் வலு, கடைசி எண் எரிந்து முடிந்தபின் பாராசூட் வெளிவரும் வரை ஆகும் நொடிகள்). காற்று அதிகம் இல்லை. ஏவும்போது கலத்தை நேராக நிறுத்தும் கம்பியான ராடை விட்டு நான்கைந்து மீட்டர் ஏறியிருக்கும், அதற்குள் மூக்கு பின்னால் சாய்ந்து, இரண்டு குட்டிக்கரணம் அடித்துத் தரையில் விழுந்தது. கலம் புல்லில் கிடந்தபோதுதான் பாராசூட் வெளியே வந்தது.

சோதிக்காமல் ஏவவில்லை. பக்கவாட்டுப் படத்தை அட்டையில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்திப் பார்த்தேன். அழுத்த மையம், அதாவது பக்கவாட்டில் தட்டும் காற்றின் விசை மொத்தமும் செயல்படும் புள்ளி, மூக்கு நுனியிலிருந்து 36 செ.மீ. எடை மையம் 29 செ.மீ. இடைவெளி 7 செ.மீ., அதாவது ஒன்றரை விட்டத்துக்கும் மேல். எடை மையம் அழுத்த மையத்துக்கு ஒரு விட்டம் முன்னால் இருந்தால் போதும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

எங்கே தவறினேன்? அந்த முன்னிறக்கையைப் பின்னால் தள்ளச் சொல்லிவிடாதீர்கள், அது போனால் இந்தக் கலமே இல்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பசைக்கை | சனி, இரவு 10:15

மூக்குக் கூம்புக்குள் களிமண் அடையுங்கள். என் கலங்கள் பாதிக்கு மேல் அப்படித்தான் பறக்கின்றன. அப்புறம் சி6 இதற்குப் போதாது, டி12 போடுங்கள். பெரிய மோட்டார் போட்டால் நேராகப் போகும்.

வால்நட்சத்திரம் | சனி, இரவு 11:02

கட்டிய கையோடு உடைந்தது வருத்தம்தான், ஆனால் இது சரிசெய்யக்கூடிய கலம். களிமண்ணை எடுக்கும் முன் இரண்டு விவரம் வேண்டும்.

ஒன்று, 29 செ.மீ. என்று அளந்தபோது மோட்டார் உள்ளே இருந்ததா?

இரண்டு, வீடியோ இருந்தால் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எந்தப் பக்கமாகக் கவிழ்ந்தது? இறக்கை நுனி ஒன்று கீழேயும் ஒன்று மேலேயுமாகப் பக்கவாட்டில் திரும்பியதா, அல்லது இரண்டு நுனியும் சமமாக இருக்க, முதுகுப் பக்கமாக மல்லாந்ததா?

பருந்துக்கலம் | ஞாயிறு, காலை 7:30

மோட்டார் இல்லாமல்தான் அளந்தேன் அண்ணா. இப்போது எரிக்காத சி6 ஒன்றைப் போட்டு, கூட்டைத் தற்காலிகமாக ஒட்டி மறுபடி அளந்தேன். 32 செ.மீ. வருகிறது.

வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. மல்லாந்துதான் கவிழ்ந்தது. இரண்டு சுற்றிலும் இறக்கை நுனிகள் சமமாகவே இருந்தன, பக்கவாட்டில் கொஞ்சமும் திரும்பவில்லை.

வால்நட்சத்திரம் | ஞாயிறு, காலை 9:10

அப்படியென்றால் விடை அந்த வீடியோவிலேயே இருக்கிறது.

நீங்கள் வெட்டிய அட்டை பக்கவாட்டுத் தோற்றம். பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்கை ஒரு கோடுதான். மேல் ஃபினும் கீழ் ஃபினும் முழுசாகத் தெரியும். அதனால் 36 செ.மீ. என்று நல்ல எண் வந்தது. அந்த எண் பொய்யில்லை, கலம் இடது வலமாகத் திரும்புவதற்கு மட்டும் அது பொருந்தும். மேலும் கீழுமாகக் கவிழும்போது காற்று தட்டுவது மேல் தோற்றத்தை. அங்கே உங்கள் செங்குத்து ஃபின்கள்தான் கோடு. முன்னால் வீசிய இறக்கையும் கூடுகளும் முழுப் பரப்போடு நிற்கின்றன. வாலில் ஒன்றுமில்லை.

நான்கு ஃபின் வைத்த சாதாரண ராக்கெட்டுக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் தோற்றம் ஒன்றுதான், அதனால் ஒரு அட்டை போதும். விண்கலம் அப்படியில்லை. மேலிருந்து ஒரு படம் எடுத்து, அதே அளவில் அட்டை வெட்டி நிறுத்திப் பாருங்கள். மையம் 32-க்கு முன்னால் வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, வேகம். சி6-5 தூக்கக்கூடிய உச்ச எடையாக எஸ்டஸ் தருவது 113 கிராம், அதுவும் மோட்டாரின் எடையையும் சேர்த்து. உங்கள் கலம் மோட்டாரோடு 192 கிராம். ராடின் நுனியை விடும்போது நொடிக்கு 13 மீட்டராவது வேகம் இருந்தால்தான் ஃபின்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். அந்த வேகம் வந்திருக்க வாய்ப்பே இல்லை.

பசைக்கை சொன்னதில் மோட்டார் பற்றிய பாதி சரி. டி12 வேண்டும். ஆனால் மோட்டார் பெரிதானால் நேராகப் போகும் என்பது ஆபத்தான நம்பிக்கை. சி6 24 கிராம், டி12 ஏறத்தாழ 43 கிராம். அந்தக் கூடுதல் எடை முழுவதும் வாலில் போய் உட்காரும். உங்கள் எண்களை வைத்துப் பார்த்தால் எடை மையம் 32-லிருந்து 34 செ.மீ. அருகே போய்விடும். கலம் இன்னும் மோசமாகக் கவிழும், இந்த முறை இரண்டு மடங்கு விசையோடு.

பருந்துக்கலம் | ஞாயிறு, மதியம் 1:25

மேல் தோற்றத்தை வெட்டினேன். 30 செ.மீ. எடை மையத்துக்கு இரண்டு செ.மீ. முன்னால். கவிழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மிக்க நன்றி அண்ணா.

களிமண்ணை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கணக்குப் போட்டேன். டி12-ஓடு ஒரு விட்ட இடைவெளி வேண்டுமென்றால் மூக்கில் கிட்டத்தட்ட 77 கிராம் தேவை. மொத்தம் 290 கிராமை நெருங்குகிறது.

மரத்தூள் | ஞாயிறு, மாலை 4:50

77 கிராம் போட்டாலும் டி12-3 தூக்கிவிடும், அதன் உச்ச எடை 396 கிராம். டி12-5 என்றால் 283, அதைத் தொடாதீர்கள். ஆனால் அவ்வளவு கனத்தோடு இறங்கும்போது அந்த மெல்லிய இறக்கைகள் தாங்குமா என்பதுதான் என் கவலை.

கண்ணுக்குத் தெரியாத ஃபின் போடுங்கள் தம்பி. பறக்காத வடிவத்தைப் பறக்க வைக்க இந்தப் பொழுதுபோக்கில் எத்தனையோ வருடமாக இருக்கும் வழி இது. தெளிவான பாலிகார்பனேட் தகடு, 1 மி.மீ. போதும். உங்களுக்குக் குறை மேல் தோற்றத்தில் மட்டும்தான், அதனால் நான்கு ஃபின் தேவையில்லை. வாலின் இரண்டு பக்கமும் 8 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலத்தில் ஒவ்வொன்று. இரண்டும் சேர்ந்து 14 கிராம் தாண்டாது. அட்டையிலும் அதே அளவு ஒட்டி மறுபடி நிறுத்திப் பாருங்கள், மையம் 35 அருகே வரவேண்டும். அதோடு 40 கிராம் களிமண் போதும்.

ஒட்டுவதில் கவனம். சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி படிந்து தகடு வெள்ளை பூத்துவிடும், அப்புறம் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். மெதுவாக இறுகும் எபாக்ஸி எடுங்கள். குழாயில் பிளவு வெட்டி, தகட்டின் அடிப்பகுதியை உள்ளே இருக்கும் மோட்டார் குழாய் வரை செருகி ஒட்டுங்கள். வெறுமனே வெளிச்சுவரில் ஒட்டினால் முதல் தரையிறக்கத்திலேயே பிய்ந்துவிடும். ஒட்டும் விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், மற்ற இடத்தில் மேல் தாளை உரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் தகடு வாங்கிவிடாதீர்கள், விரிசல் விடும்.

டி12 பருமன் அதிகம், இப்போதைய 18 மி.மீ. மோட்டார் குழாயில் நுழையாது. அந்தக் குழாயை எடுக்க, குறடால் உள்பக்கத் தாள் முனையைப் பிடித்துச் சுருள் சுருளாக உரியுங்கள். அதை நடுவில் தாங்கும் வளையங்கள் அப்படியே இருக்கட்டும். ஒரு கட்டையில் உப்புத்தாள் சுற்றி அவற்றின் துளையை பி.டி.-50 நுழையும் அளவுக்குப் பெரிதாக்கினால் போதும். அவசரப்படாமல் செய்யுங்கள், துளை ஒரு பக்கம் சாய்ந்தால் உந்துவிசையே சாயும்.

வெள்ளைத்தாள் | ஞாயிறு, இரவு 8:05

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கட்டுவது தட்டையான, குட்டையான கலம். விட்டம் 20 செ.மீ., உயரம் 15 செ.மீ. ஓப்பன் ராக்கெட் மென்பொருள் இது பறக்கவே பறக்காது என்கிறது. ஆனால் இதே மாதிரி வடிவங்கள் பறப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எது சரி?

வால்நட்சத்திரம் | ஞாயிறு, இரவு 9:00

வெள்ளைத்தாள், நீங்கள் பார்த்தது சரி. பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் அழுத்த மையத்தைக் கணிக்கத் தந்த சமன்பாடுகள்தான் அந்த மென்பொருளுக்கு அடிப்படை. அவை நீண்டு மெலிந்த ராக்கெட்டை மனதில் வைத்தவை. குட்டைக் கலத்தின் அகன்ற அடிப்பகுதி காற்றைப் பிடித்து இழுப்பதும் ஒரு நிலைப்பு தருகிறது, அது கணக்கில் வராது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. மென்பொருளில் மட்டும் கலத்தின் பின்னால் எடையே இல்லாத ஒரு கூம்பைச் சேருங்கள். முன்னால் கூர்முனை, பின்னால் கலத்தின் விட்டம், நீளம் விட்டத்தின் 3.14 மடங்கு. அதன் பிறகு வரும் அழுத்த மையம் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். நீளம் விட்டத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறைவான கலங்களுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பருந்துக்கலத்துக்கு அது 13 மடங்குக்கு மேல், தேவையில்லை.

பருந்துக்கலம், நீங்களும் ஓப்பன் ராக்கெட்டில் ஒருமுறை வரைந்துவிடுங்கள், இலவசம்தான். 22.02 பதிப்பிலிருந்து பக்கவாட்டுக் கூடுகளையும் சேர்க்கலாம். உறுப்புகளைப் பகுத்துப் பார்க்கும் சாளரத்தில் காற்றின் திசையைச் சுழற்றும் வசதி இருக்கிறது. எந்தத் திசையில் மையம் மிகவும் முன்னால் வருகிறதோ, அந்த எண்ணை மட்டும் நம்புங்கள்.

கடைசியாகக் கயிற்றுச் சோதனை. எரிக்காத மோட்டாரும் மடித்த பாராசூட்டும் உள்ளே இருக்க, எடை மையத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். கயிறு இரண்டரை மீட்டராவது இருக்கட்டும். குட்டைக் கயிறு வளைந்த காற்றைத்தான் காட்டும். இறக்கை கிடைமட்டமாக ஒருமுறை, கால் சுற்று திருப்பிக் கட்டி ஒருமுறை. இரண்டு தடவையும் மூக்கு முன்னால் போனால் ஏவலாம்.

மரத்தூள் | திங்கள், காலை 6:40

ராடையும் மாற்றுங்கள். 265 கிராம் கலத்துக்கு 3 மி.மீ. கம்பி வளையும், விடும்போது சாட்டை மாதிரி அடிக்கும். 5 மி.மீ. கம்பி, 120 செ.மீ. நீளம். பாராசூட் 60 செ.மீ.

டி மோட்டார் வரைக்கும் பாதுகாப்பு விதி சொல்வது 5 மீட்டர் தூரம். ஆனால் நிலைப்பு உறுதியாகத் தெரியாத கலத்தை ஏவும்போது பார்ப்பவர்களை எச்சரித்து, பாதுகாப்பான தூரத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏவ வேண்டும் என்றும் அமெரிக்க மாதிரி ராக்கெட் அமைப்பான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரியின் விதியில் இருக்கிறது. குழந்தைகள் வருவார்கள் என்றால் 20 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். மேடையைச் சுற்றிக் காய்ந்த புல் இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள்.

பருந்துக்கலம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

பறந்தது!

எண்களை எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும். தெளிவுத் தகடு ஃபின்கள் இரண்டும் 14 கிராம். மூக்கில் களிமண் 40 கிராம், மேலே எபாக்ஸி ஊற்றி மூடினேன். மோட்டாரோடு மொத்தம் 265 கிராம். எடை மையம் 30.5. மேல் தோற்றத்தின் அழுத்த மையம் 35, பக்கவாட்டில் பழையபடி 36. ஆக எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு விட்டத்துக்கு மேல்.

கயிற்றுச் சோதனையில் முதல் தடவை தள்ளாடியது. பாராசூட்டை வால் பக்கம் ஒட்டி இருக்கும்படி மடித்து வைத்திருந்தேன். ஒரு தடுப்பு வளையம் வைத்து முன்னால் தள்ளியதும் இரண்டு திசையிலும் நேராகச் சுற்றியது.

டி12-3. ராடை விட்டதும் என் கை நடுங்கியது, ஆனால் அது அம்பு மாதிரி மேலே போனது. உயரமானியில் 97 மீட்டர். மூன்று நொடித் தாமதம் சரியாக இருந்தது, உச்சியில் சாயத் தொடங்கும்போதே பாராசூட் விரிந்தது. இறங்கியதில் வலது தகட்டின் ஒரு மூலை மட்டும் ஒட்டு விட்டிருக்கிறது. இறக்கைகளில் கீறல் கூட இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஏறும்போது மெதுவாக உருண்டது, மேலே போவதற்குள் ஒன்றரைச் சுற்று. உடைந்த கூட்டை மறுபடி ஒட்டியபோது கொஞ்சம் சாய்ந்துவிட்டதோ? பிரித்து ஒட்ட வேண்டுமா?

வால்நட்சத்திரம் | ஞாயிறு, இரவு 9:20

வாழ்த்துகள். பிரிக்காதீர்கள். ஒன்றரைச் சுற்று கெடுதல் செய்யாது, மெல்ல உருள்வதால் பக்கச் சாய்வுகள் ஒன்றையொன்று ஈடுகட்டும். பெயின்ட் அடித்த பிறகு மட்டும் எடை மையத்தை மறுபடி அளந்துவிடுங்கள். உங்கள் கலத்தில் வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறத்தாழ ஒரு கிராம் வேண்டும்.

பருந்துக்கலம் | ஞாயிறு, இரவு 9:45

சரி அண்ணா. வாலுக்கு ஒரே ஒரு கோட்டிங்தான் அடிப்பேன். அடித்துவிட்டு எண்ணை இங்கேயே போடுகிறேன்.